பெயர் இல்லாதவர்கள் வைத்த பெயர்

ஸ்ரீரங்கம் கோயிலைப் பற்றி நூறு கதை இருக்கிறது. விபீஷணன் கீழே இறக்கி வைத்த விமானம் திரும்ப எழும்பாமல் போனது, மணலில் மூடிக் கிடந்த கோயிலை ஒரு கிளி சொல்லி சோழ ராஜா கண்டுபிடித்தது, ஆண்டாள் சந்நிதிக்குள் போய் மறைந்தது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை. எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கதையாகத் தோன்றுவது, கோயில் துணி வெளுத்த ஒரு கிழவரைப் பற்றியது.

கதை இப்படிப் போகும். டெல்லிப் படை வந்தபோது ஊரை விட்டு வெளியே போன உற்சவர், பல பத்தாண்டுகள் கழித்துத் திரும்பி வருகிறார். அவர் வருவதற்குள் கோயிலில் வேறொரு உற்சவரைச் செய்து வைத்து, பூஜையும் நடந்துகொண்டிருக்கிறது. வந்திருப்பவர்தான் பழைய அழகிய மணவாளர் என்கிறது ஒரு தரப்பு. அதை எப்படி நம்புவது என்கிறது இன்னொரு தரப்பு. கேள்வி நியாயமானதுதான். பழைய சிலையைத் தொட்டுப் பழகிய அர்ச்சகர் யாரும் உயிரோடு இல்லை. பார்த்தவர்கள்கூட இல்லை. ஓலை கிடையாது, சாட்சி கிடையாது.

தேடிப் பார்த்தால் ஒரே ஒரு ஆள் மிஞ்சியிருக்கிறார். பெருமாளின் துணிகளை வெளுத்துக்கொண்டிருந்த ஈரங்கொல்லி. தொண்ணூறு தாண்டிய வயசு. போதாக்குறைக்குக் கண்ணும் தெரியாது. கண் தெரியாதவர் எப்படி அடையாளம் சொல்வார்? அவர் வழி சொல்கிறார்: இரண்டு பேருக்கும் திருமஞ்சனம் பண்ணுங்கள், உடுத்தியிருந்த ஈரத்துணியை என்னிடம் கொண்டுவந்து கொடுங்கள். துணியைப் பிழிந்து, அந்தத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்க்கிறார். ஒரு துணியில் பழைய கஸ்தூரி மணம். அவருக்குத் தெரிந்துவிடுகிறது. இவர்தான் நம்பெருமாள் என்கிறார்.

ஸ்ரீரங்கத்து உற்சவருக்கு இன்றைக்கு வழங்கும் பெயர் அதுதான். நம்பெருமாள். அந்தப் பெயர் அன்றைக்குத்தான் பிறந்தது என்கிறது கோயில் மரபு. பெயர் அதற்கு முன்பே வழக்கில் இருந்திருக்குமா என்பது ஆராய்ச்சியாளர்களின் விவாதம், அதற்குள் நான் போகவில்லை. மரபு அந்தப் பெயரின் பிறப்பை எங்கே கொண்டுபோய் வைக்கிறது, யார் வாயில் வைக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

*

கதை இருக்கும் நூலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோயிலொழுகு என்று பெயர். ஒருவர் உட்கார்ந்து எழுதிய புத்தகம் இல்லை. நூற்றாண்டுக் கணக்கில் பல கைகள் எழுதி, சேர்த்து, திருத்தி வளர்ந்த கோயில் குறிப்பேடு. மணிப்பிரவாள நடை. 1961-இல் வி.என். ஹரிராவ் இதை வரலாற்றுக் குறிப்புகளோடு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார்.

ஒழுகு என்ற பெயரைப் பார்த்து பக்தி இலக்கியம் என்று நினைத்துப் போனால் ஏமாந்துவிடுவோம். முக்கால்வாசி நிர்வாகம். எந்த மதிலை யார் கட்டினார், எந்த மண்டபம் யார் உபயம், எந்தக் கைங்கரியம் எந்தக் குடும்பத்துக்கு, யாருக்குத் தீர்த்தம் முதலில், யாருக்குச் சடாரி முதலில். ராமானுஜர் வந்து கோயில் பணியாளர்களைப் பத்துக் கொத்தாகப் பிரித்து ஒழுங்குபடுத்தியது இதில் விரிவாக வரும். இன்றைக்கு ஒரு பெரிய நிறுவனத்தின் பணி விதிகளைப் படிக்கிற மாதிரிதான் பல பக்கங்கள் இருக்கும்.

ஆனால் அந்தப் பணி விதிகளுக்கு நடுவில்தான் திடீர் திடீரென்று கதைகள் வருகின்றன. அவை அலங்காரத்துக்காக வருவதில்லை. ஒவ்வொரு கதையும் ஏதோ ஒரு வழக்கத்துக்கோ உரிமைக்கோ காரணம் சொல்கிறது. திருமஞ்சனத்துக்குப் பிறகு பெருமாளின் ஈரத்துணியைப் பிழிந்து தருகிற தண்ணீருக்கு ஈரவாடைத் தீர்த்தம் என்று பெயர். அது ஏன் தீர்த்தம் ஆனது? கிழவர் கதையைக் கேட்டவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள்.

யாருக்கு முதலில், யாருக்கு அடுத்தது என்று வரிசையைக் கட்டிக் காப்பதற்காகவே எழுதப்பட்ட ஒரு நூல் இது. அந்த நூலில், கடவுள் யார் என்று தீர்மானிக்க வேண்டிய ஒரே ஒரு நிமிஷம், அந்த வரிசையில் கடைசிக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் கைக்குப் போய்விடுகிறது. எழுதியவர்களுக்கு இது தெரியாமல் நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்தக் கதையை மாற்றி எழுதிவிட அவர்களுக்கு நிறைய வாய்ப்பு இருந்தது. ஒரு ஆச்சாரியர் கனவில் பெருமாள் வந்து சொன்னார் என்று எழுதியிருக்கலாம். வைணவ மரபில் கனவுக்கா பஞ்சம்? ஆனால் எழுதவில்லை. ஒரு கிழவரின் நாக்கையும் மூக்கையும் நம்பியிருக்கிறார்கள்.

அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு தர்க்கம் இருக்கிறது. தினமும் அந்தத் துணியைத் துவைத்தவருக்குத்தான் அந்த வாசனை தெரியும். சாஸ்திரம் படித்தவருக்குச் சிலையின் லட்சணம் தெரியும், ஆனால் லட்சணம் பார்த்து இன்னொரு சிலையை அப்படியே செய்துவிடலாமே. செய்தும் வைத்திருந்தார்கள். வேலை செய்த உடம்பில் தங்கிப்போன ஞாபகத்தை அப்படிச் செய்து வைக்க முடியாது.

*

இப்போது வரலாறு. இதைத் தாண்டிக்கொண்டு கதைக்குள் போவது நேர்மையாக இருக்காது.

1311-இல் அலாவுதீன் கில்ஜியின் தளபதி மாலிக் காஃபூர் தமிழகத்துக்குள் வந்தான். 1323-இல் உலூக் கான் வந்தான். பின்னால் முகம்மது பின் துக்ளக் என்று பட்டத்துக்கு வந்தவன் இவன்தான். இரண்டாவது படையெடுப்பில் ஸ்ரீரங்கத்தில் பெரிய படுகொலை நடந்ததாக மரபு சொல்கிறது. பன்னீராயிரம் பேர் என்று ஒரு எண்ணும் சொல்லப்படுகிறது. அந்த எண் ஒரு ஊர் தன் துக்கத்துக்குக் கொடுத்த அளவு. பிள்ளை லோகாசாரியார் வயதான காலத்தில் உற்சவரைத் தூக்கிக்கொண்டு தெற்கே போய், மதுரைக்குப் பக்கத்தில் ஜோதிஷ்குடியில் இறந்தார். வேதாந்த தேசிகர், சுதர்சன சூரியின் ஸ்ருதப்பிரகாசிகைச் சுவடியையும் அவருடைய இரண்டு பிள்ளைகளையும் காப்பாற்ற, பிணங்களுக்கு நடுவில் பிணமாகப் படுத்துக் கிடந்தார் என்பது மரபு.

பிறகு மதுரையில் தனி சுல்தான்களின் ஆட்சி வந்தது. அங்கே வந்து தங்கிய இபின் பதூதா, தானும் ஒரு முஸ்லிமாக இருந்தும், கியாசுதீன் சுல்தான் செய்த கொடுமைகளை அருவருப்போடு எழுதி வைத்திருக்கிறார். ஆக, அந்தக் காலத்து வலி கற்பனை இல்லை. விஜயநகரத்துக் குமார கம்பணன் மதுரையை ஜெயித்த பிறகு, அவனுடைய அதிகாரி கோபணார்யர் 1371-இல் உற்சவரைத் திருப்பதியிலிருந்து செஞ்சி வழியாக ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். கோயில் சுவரில் அதற்குச் சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது. அதை வேதாந்த தேசிகர் இயற்றினார் என்பார்கள். சக வருஷம் 1293.

1323-க்கும் 1371-க்கும் நடுவில் 48 வருஷம். ஆனால் ஒழுகின் கதைகளில் பெருமாள் வெளியே இருந்த காலம் கிட்டத்தட்ட அறுபது வருஷம் என்று வரும். இரண்டு படையெடுப்புகளின் சம்பவங்களும் கலந்து கிடக்கும். கணக்குப் போட்டால் எங்கேயும் இடிக்கும். ஆனால் எல்லாரும் செத்து, கண் தெரியாத ஒரே ஒரு கிழவர் மட்டும் மிஞ்சும் அளவுக்குக் காலம் ஓடியிருக்க வேண்டும் என்பது கதையின் தேவை. அந்தத் தேவைக்கு 48 போதாது என்று கதை சொன்னவர்கள் நினைத்திருக்கலாம்.

*

இந்தக் கதைத் தொகுதியில் இன்னும் மூன்று பேர் வருகிறார்கள். மூன்று பேரும் பெண்கள்.

முதலாவது, பின்சென்றவல்லி. கரம்பனூர்க்காரி, இப்போது உத்தமர்கோயில் என்கிற ஊர். பெருமாளைச் சேவிக்காமல் சாப்பிட மாட்டாள். படை உற்சவரைத் தூக்கிக்கொண்டு போனபோது, இவள் பின்னாலேயே டெல்லி வரைக்கும் போகிறாள். அரண்மனைக்குள் புகுந்து பார்த்தால், சுல்தானின் மகள் அந்தச் சிலையை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறாள். திரும்ப ஸ்ரீரங்கம் வந்து விஷயத்தைச் சொல்லி, கோயில்காரர்கள் அறுபது பேரைக் கூட்டிக்கொண்டு மறுபடி டெல்லிக்குப் போகிறாள். அங்கே ஆடிப் பாடி சுல்தானை மகிழ்விக்கிறார்கள். பரிசு கேளுங்கள் என்கிறான் சுல்தான். எங்கள் பெருமாள் போதும் என்கிறார்கள். ஒற்று வேலை, வழிகாட்டல், பேச்சுவார்த்தை எல்லாம் ஒரே பெண் கையில். ஒரு கத்திகூட உருவப்படவில்லை.

இரண்டாவது, அந்த சுல்தானின் மகள். தூங்கி எழுந்து பார்த்தால் பெருமாள் இல்லை. பிரிவு தாங்காமல் ஸ்ரீரங்கம் வரைக்கும் தேடி வருகிறாள். உற்சவரோ அதற்குள் திருமலைப் பக்கம் ஒளித்து வைக்கப்பட்டுவிட்டார். கோயில் வாசலில் அவள் உயிர் போகிறது. அவள்தான் துலுக்க நாச்சியார். அர்ச்சுன மண்டபத்தின் ஒரு மூலையில் அவளுக்குச் சந்நிதி இருக்கிறது. அங்கே சிலை கிடையாது, சுவரில் ஒரு ஓவியம். அவளை நினைத்து பெருமாளுக்கு ரொட்டியும் வெண்ணெயும் நைவேத்தியம். சில திருமஞ்சன நாட்களில் கைலி மாதிரி வண்ணத் துணி கட்டுவதும் அவளுக்காகத்தான் என்பார்கள்.

மூன்றாவது, வெள்ளாயி. கோயில் தாசி. சிலையைத் தேடி வந்த தளபதியை ஆட்டத்தில் மயக்கி, உற்சவரோடு போனவர்கள் தப்பிக்க நேரம் வாங்கிக் கொடுத்து, கடைசியில் அவனைக் கிழக்குக் கோபுரத்தின் மேலே கூட்டிப்போய்த் தள்ளிவிட்டுத் தானும் குதித்தவள் என்பது ஊர் சொல்லும் கதை. அந்தக் கோபுரம் வெள்ளைக் கோபுரமாக இருப்பது அவள் நினைவாக என்பார்கள்.

இந்த நான்கு பேரையும் சேர்த்து நிறுத்திப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். யாருக்கும் பெயர் இல்லை.

ஈரங்கொல்லி என்பது தொழிலின் பெயர். அந்தக் கிழவரின் அம்மா அவரை எப்படிக் கூப்பிட்டாள் என்பது நமக்கு வரவில்லை. பின்சென்றவல்லி என்றால் பின்னால் போனவள். செய்த காரியத்தைச் சொல்லி வைத்த பெயர், டெல்லிக்குப் போவதற்கு முந்தின நாள்வரை அவளுக்கு அந்தப் பெயர் இருந்திருக்க முடியாது. துலுக்க நாச்சியார் என்றால் துருக்க இனத்துச் சீமாட்டி. சிலர் அவளுக்குச் சுரதாணி என்று பெயர் சொல்வார்கள். சுல்தான் என்ற சொல்லைச் சமஸ்கிருதத்தில் சுரத்ராண என்று எழுதினார்கள், அதிலிருந்து வந்தது இது. சுல்தான் வீட்டுப் பெண் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. வெள்ளாயி பெயரும் கோபுரத்தின் நிறத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. எது எதிலிருந்து வந்தது என்று யார் கண்டது?

பிள்ளை லோகாசாரியாருக்குப் பெயர் உண்டு. தேசிகருக்கு உண்டு. கோபணார்யருக்குக் கல்வெட்டே உண்டு. சிலையைக் கண்டுபிடித்த, மீட்ட, காத்த, அடையாளம் சொன்ன பேருக்குத்தான் இல்லை. கடவுளுக்குப் பெயர் வைத்தவரின் பெயரைக் குறித்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை.

*

துலுக்க நாச்சியார் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் இன்றைக்கு எல்லாரும் வந்து கை வைக்கிற இடம் இதுதான்.

இது ஸ்ரீரங்கத்துக்கு மட்டும் சொந்தமான கதை இல்லை. கர்நாடகத்து மேல்கோட்டையில் செல்வப்பிள்ளையின் காலடியில் பீபி நாச்சியார் இருக்கிறாள். அங்கே டெல்லிக்குப் போய்ச் சிலையை மீட்டவர் ராமானுஜர். மரபுப்படி ராமானுஜர் மறைந்தது 1137-இல், டெல்லியில் சுல்தான் ஆட்சி தொடங்கியது 1206-இல். திருப்பதியிலும் பீபி நாஞ்சாரி உண்டு. நம்ம மதுரையில், சித்திரைத் திருவிழாவுக்கு வருகிற அழகர் வண்டியூரில் துலுக்க நாச்சியார் வீட்டில்தான் ராத்திரி தங்குகிறார் என்று ஜனங்கள் சொல்லிச் சிரிப்பார்கள். டெல்லிப் பக்கத்துப் பதிவுகளில் இந்த இளவரசியைத் தேடிப் பிரயோஜனம் இல்லை. காஃபூரின் தெற்குப் படையெடுப்பை விரிவாக எழுதிய அமீர் குஸ்ரோ அப்படி ஒருத்தியைப் பற்றிப் பேசவில்லை. அவள் தெற்கில் பிறந்த டெல்லிக்காரி.

அடிபட்ட ஊர் ஏன் இப்படி ஒரு பெண்ணைப் பெற்றெடுத்தது? இரண்டு பதில் உடனே வரும். ஒன்று: இது நல்லிணக்கம், பாருங்கள், அந்தக் காலத்திலேயே மதம் பார்க்காமல் வாழ்ந்தார்கள். இன்னொன்று: இது தோற்றவர்களின் பழிவாங்கல், எங்கள் சிலையை நீ எடுத்தாய், உன் மகளை எங்கள் பெருமாள் எடுத்துக்கொண்டார். இரண்டாவதை வெளியே சொல்லக் கூச்சப்படுவோம், ஆனால் கதைக்குள் அது இருக்கிறது. ஜெயித்தவன் வீட்டுப் பெண் தோற்றவன் வாசலில் வந்து உயிரை விடுவதில் ஒரு கணக்குத் தீர்க்கும் திருப்தி இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் கதை அத்தோடு நிற்கவில்லை. கணக்குத் தீர்ந்ததும் அவளை மறந்திருக்கலாம். மாறாக அவளுக்கு நாச்சியார் என்று பட்டம் கொடுத்து, உள்ளே கொண்டுவந்து இடம் கொடுத்து, அவள் சாப்பிட்டிருக்கக்கூடிய ரொட்டியைப் பெருமாளுக்குச் சுட்டுக் கொடுக்கிறார்கள். பழிவாங்குகிறவன் எதிரியின் சாப்பாட்டைத் தன் கடவுளுக்குப் பழக்கப்படுத்துவானா? இந்த இடத்தில் கதை, அதைத் தொடங்கியவர்களின் நோக்கத்தைவிடப் பெரிதாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

அதே சமயம், ஓவியம் ஓவியம்தான். இஸ்லாத்தில் உருவ வழிபாடு இல்லை என்பதால் சிலை வைக்கவில்லை என்று விளக்கம் சொல்வார்கள். மரியாதையான விளக்கம். எனக்கு அதில் பாதி திருப்தி. மற்ற நாச்சியார்கள் விக்கிரகமாக இருந்து புறப்பாடு போகிறார்கள், இவள் சுவரை விட்டு இறங்க முடியாது. உள்ளே விட்டார்கள், ஆனால் எவ்வளவு தூரம் உள்ளே என்பதற்கு ஒரு அளவும் வைத்துக்கொண்டார்கள். அந்த அளவையும் சேர்த்துப் பார்ப்பதுதான் வாசிப்பு.

*

இந்தக் கதைகள் இன்றைக்கு நம்மிடம் வந்து சேருவது துண்டுதுண்டாக. வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்ட் வரும்: பன்னீராயிரம் பேர் தலை, வெள்ளாயியின் தியாகம், பள்ளிக்கூடத்தில் ஏன் சொல்லித்தரவில்லை. அதில் துலுக்க நாச்சியார் இருக்க மாட்டாள். இன்னொரு பக்கம் ஒரு ரீல்ஸ் வரும்: ஸ்ரீரங்கத்தில் முஸ்லிம் நாச்சியார், பெருமாளுக்கு ரொட்டி, இதுதான் தமிழ்நாடு. அதில் படுகொலை இருக்காது. இரண்டு பேரும் ஒரே துணியைக் கிழித்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மரபு இரண்டையும் ஒன்றாக வைத்திருக்கிறது. கொலையையும் சொல்கிறது, கொன்றவன் பக்கத்துப் பெண்ணுக்கு நைவேத்தியத்தையும் சொல்கிறது. ஒன்று இன்னொன்றை ரத்து செய்யவில்லை. எழுநூறு வருஷத்துக்கு முந்தின மனிதர்களால் இரண்டையும் ஒரே நேரத்தில் தாங்க முடிந்திருக்கிறது. நமக்கு ஏன் முடியவில்லை?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிலையைத் தூக்கிக்கொண்டு போவது டெல்லிக்காரன் மட்டும் செய்த காரியமாக இந்த மரபு சொல்லவில்லை. திருமங்கையாழ்வார் நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்திலிருந்து பொன் புத்தர் சிலையை எடுத்துவந்து, அதை உருக்கி ஸ்ரீரங்கத்துக்கு மதில் கட்டினார் என்று இதே வைணவ மரபுதான் பெருமையோடு சொல்கிறது. நடந்ததோ இல்லையோ, சொல்வதில் கூச்சம் இல்லை. ஏழு பிராகாரம், 21 கோபுரம், 156 ஏக்கர் என்று நாம் அண்ணாந்து பார்க்கிற அந்த மதில்களில் ஒன்றுக்குள் இன்னொருத்தரின் கடவுள் உருகிக் கிடக்கிறார் என்று கோயிலே சொல்கிறது. நாகப்பட்டினத்தில் அன்றைக்கு ஒரு பிக்குவின் துணி துவைத்த கிழவரும் இருந்திருப்பார். அவரைக் கூப்பிட்டு அடையாளம் கேட்க அவர்களுக்குச் சிலை மிஞ்சவில்லை.

அரசியல் எல்லை நாம் நினைக்கிற இடத்தில் இருக்கவில்லை என்பதற்கு இன்னொரு சாட்சி: ஸ்ரீரங்கத்தை மீட்ட விஜயநகரத்து ராஜாக்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பட்டங்களில் ஒன்று ஹிந்துராய சுரத்ராண. இந்து ராஜாக்களுக்குள் சுல்தான் என்று அர்த்தம். எதிரியின் சொல்லை எடுத்துத் தலையில் கிரீடமாக வைத்துக்கொண்டார்கள். பெருமாளுக்குக் கைலி கட்டியவர்களும் அதே காலத்து மனசு உள்ளவர்கள்தான்.

*

தமிழில் இந்தக் கதையை நவீன வாசகர்களிடம் கொண்டுபோனதில் பெரிய பங்கு ஸ்ரீவேணுகோபாலனுக்கு. திருவரங்கன் உலா, அதன் தொடர்ச்சியான மதுரா விஜயம். இரண்டாவதன் தலைப்பு, குமார கம்பணனின் மனைவி கங்காதேவி எழுதிய சமஸ்கிருதக் காவியத்தின் பெயர். புஷ்பா தங்கதுரை என்ற பெயரில் குற்றக் கதைகளும் கிளர்ச்சிக் கதைகளும் எழுதியவர் இதே ஆள்தான் என்று தெரியும்போது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். எனக்கு இல்லை. ஒரு பொருளை ஒளித்துக்கொண்டு ஓடுகிறவர்களின் பதற்றத்தை எழுத, குற்றக்கதை எழுதின கை தேவைதான். சிலை ஊர் ஊராக, காடு காடாகப் போகும் அலைச்சலை அவரைப் போல் யாரும் எழுதவில்லை. சுஜாதாவின் கதைகள் வழியாக மட்டும் ஸ்ரீரங்கத்தை அறிந்த தலைமுறைக்கு, அந்தத் தெருக்களுக்கு அடியில் இப்படி ஒரு ரத்தம் ஓடியதைச் சொன்னது அந்த நாவல்.

ஆனால் அது சரித்திர நாவல். கல்கி போட்டுக்கொடுத்த பாதையில் போகிற வண்டி. அதற்கு ஒரு வீரன் வேண்டும், குதிரை வேண்டும், வாள் வேண்டும், காதல் வேண்டும். குலசேகரன் என்ற வாலிபன் நடுவில் வந்து நின்றுவிடுகிறான். அவன் நின்றதும் கதையின் எடை நகர்ந்துவிடுகிறது. மரபுக்கதையில் ஆட்டக்காரியும் துணி வெளுப்பவரும் செய்த காரியங்கள், நாவலில் வீரர்களின் சாகசத்துக்குத் துணையாகிவிடுகின்றன. நாவலாசிரியரின் குறை என்று இதைச் சொல்ல மாட்டேன், வடிவத்தின் குணம் அது. ஆனால் விளைவு என்ன? ஒரு மத்தியகால நிர்வாகக் குறிப்பேடு, இருபதாம் நூற்றாண்டு நாவலைவிடக் கூடுதலாக எளியவர்களை நம்பியிருக்கிறது.

இதற்காக ஒழுகை ரொம்பவும் தூக்கிப் பிடிக்கவும் முடியாது. கதையில் இடம் கொடுப்பது சுலபம். காசு செலவில்லை. பின்சென்றவல்லியைக் கொண்டாடிய சமூகத்தில், அவளைப் போல் கோயிலுக்கு ஆடிய பெண்களின் வாழ்க்கை கடைசியில் என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது, வர வேண்டியதுதான். அதற்குள் அந்தப் பெண்களின் பெயர் வசைச்சொல்லாகவே மாறிவிட்டிருந்தது. வெள்ளாயிக்குக் கோபுரம், வெள்ளாயியின் பேத்திகளுக்கு வசை. ஈரங்கொல்லிக்குக் கதை, ஈரங்கொல்லியின் பேரன்கள் ஊரில் எந்தத் தெருவில் எதுவரை நடந்தார்கள் என்று கேட்டால் கதை நடுவிலேயே நின்றுவிடும்.

அதனால் பெயர் இல்லாமை தற்செயல் இல்லை. பெயர் கொடுத்திருந்தால் வம்சம் வரும். வம்சம் வந்தால் உரிமை கேட்கும், மரியாதை கேட்கும். ஒழுகு உரிமைகளின் புத்தகம், அதற்கு இது நன்றாகத் தெரியும். நன்றியைப் பதிவு செய்தார்கள், பாத்தியதையைப் பதிவு செய்யவில்லை.

*

இவ்வளவு சொன்ன பிறகும் அந்தக் கதையை என்னால் தள்ள முடியவில்லை. காரணம் அந்தப் பெயர்தான். அதை மொழியாக மட்டும் எடுத்துப் பார்க்கலாம்.

வைணவத்தில் பெருமாளைச் சொல்ல வழக்கமான சொல் எம்பெருமான். எம் என்றால் எங்களுடைய. கேட்கிறவர் அதில் அடங்க மாட்டார். எங்க வீடு என்று சொன்னால் உங்களுக்கு அதில் பங்கு இல்லை, நம்ம வீடு என்றால் உண்டு. ஆங்கிலத்தில் இந்த வித்தியாசம் கிடையாது, தமிழ்க் குழந்தைக்கு மூன்று வயசிலேயே தெரியும். நம் என்ற அடைமொழி ஸ்ரீரங்கத்தில் பெரிய கௌரவம். நம்மாழ்வார், நஞ்சீயர், நம்பிள்ளை என்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்களுக்கே அது வாய்த்தது.

இப்போது அந்தக் காட்சியை யோசித்துப் பாருங்கள். எதிரில் நிற்கிறவர்கள் ஸ்தலத்தார், படித்தவர்கள், மரியாதைக்கு உரியவர்கள். பிழிந்த துணியோடு நடுவில் இந்தக் கிழவர். உங்கள் பெருமாள் இவர்தான் என்று அவர் சொல்லியிருக்கலாம். அடக்கமாக இருந்திருக்கும், அவருடைய இடத்துக்குப் பொருத்தமாகவும் இருந்திருக்கும். எங்கள் பெருமாள் என்று சொல்லியிருந்தால் சண்டை. அவர் இரண்டையும் விட்டுவிட்டு நம் என்கிறார். எனக்கும் உங்களுக்கும் சேர்த்து. தன் பங்கை விட்டுக்கொடுக்கவும் இல்லை, அவர்கள் பங்கைப் பிடுங்கவும் இல்லை. அத்தனை நூற்றாண்டுக் கதைசொல்லிகளும் அந்த ஒரு எழுத்தை மாற்றவில்லை.

ஆந்திராவின் கரவதியில் பிறந்த நாகஸ்வர மேதை ஷேக் சின்ன மௌலானா, தமிழ்நாட்டுக்கு வந்து குடியேற இந்த ஸ்ரீரங்கத்தைத்தான் தேர்ந்தெடுத்தார். ஐந்து வேளை தொழுகையை விடாதவர், அரங்கன் சந்நிதியிலும் வாசித்தவர். 1999-இல் மறையும்வரை அவருக்கு அந்த ஊர்தான். இதைக் கதைக்கு ஆதாரமாகச் சொல்லவில்லை. ஒரு மனிதர் தன் வாழ்க்கையில் நம் என்ற சொல்லைப் பிரயோகித்துப் பார்த்ததற்கு உதாரணமாகச் சொல்கிறேன்.

ஸ்ரீரங்கம் போனால் ராஜகோபுரத்தைப் பார்க்கிறோம். அது 1987-இல் கட்டி முடித்தது, எந்தக் கூட்டத்திலும் கண்ணில் படும். அர்ச்சுன மண்டபத்து மூலையில் இருக்கும் ஓவியத்தைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஈரங்கொல்லிக்கு அதுவும் இல்லை. ஆனால் உற்சவர் புறப்பாட்டின்போது பக்கத்தில் நிற்கிற யாராவது ஒருத்தர், நம்பெருமாள் வர்றார் என்பார். அது அந்தக் கிழவரின் சொல்.